கரி லாரிக்குச் சூடேற்றியவள்

மார்கழி பிறந்துவிட்டால் வேதமாணிக்கத்தின் லாரி லேசில் உயிர் பிடிக்காது. காலடிப்பேட்டையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு தகரக் கொட்டகைதான் அதன் இருப்பிடம். எண்ணூர் உப்பளங்களில் மூட்டை ஏற்றி ராயபுரம் கூட்ஸ் ஷெட்டில் இறக்குவது அதன் வேலை. யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு, ஊரில் ஓடிய பல வண்டிகளைப் போல அதன் முதுகிலும் ஆள் உயர இரும்பு டிரம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். டிரம்முக்குள் அடுப்புக்கரி கனியும். அதிலிருந்து கிளம்பும் கேஸ் குழாய் வழியாகப் போய் என்ஜினுக்குள் எரியும். லாரி ஓடும். ஜனங்கள் அதைக் கரி லாரி என்றார்கள்.

அந்த டிரம்மில் தினமும் விடியுமுன் நெருப்பு மூட்டி, என்ஜின் சூடு பிடிக்கிறவரை கூடவே நின்றவள் மங்கம்மா.

அவள் தண்டையார்பேட்டையில் பிறந்தவள். அப்பா நெல்லூர்ப் பக்கத்திலிருந்து துறைமுகத்தில் நிலக்கரி சுமக்க வந்தவர். மங்கம்மாவும் சின்ன வயதிலேயே கரிக்கூடை தூக்க ஆரம்பித்தாள். கப்பலிலிருந்து கூடை மாற்றும் பெண்கள் வரிசையில் அவளைத்தான் மேஸ்திரி முதலில் நிறுத்துவான். அவள் போகிற வேகத்துக்கு மற்றவர்களும் போக வேண்டும் என்பது அவன் கணக்கு. அங்கேதான் எத்திராஜைப் பார்த்தாள். பாரம் தூக்குகிற இடத்தில் கயிறு பிடிக்கிறவன். அதிகம் பேசமாட்டான். ஊரே மங்கம்மா என்று கூப்பிட்ட பெண்ணை அவன் ஒருவன்தான் மங்கா என்றான். கலியாணமான பிறகு, வேலை முடிந்து நேரங்கெட்ட நேரத்தில் வீடு திரும்பினால் கதவைத் தட்டமாட்டான். பக்கத்து வீடுகளில் இருப்பவர்கள் விழித்துவிடுவார்கள் என்று, கதவிடுக்கில் வாயை வைத்து, "மங்கா, கதவ தொற" என்று அடங்கிய குரலில் சொல்வான். அந்தக் குரலுக்கு அவள் தூக்கத்திலிருந்தே எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுப்பாள்.

பிள்ளை இல்லை. ரங்கூன் துறைமுகத்தில் நல்ல வேலை என்று யாரோ சொன்னதைக் கேட்டு எத்திராஜ் கப்பல் ஏறினான். கொஞ்ச நாளில் அவளையும் கூட்டிக்கொள்வதாகச் சொல்லிப் போனான். பிறகு ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அங்கிருந்த நம் ஆட்கள் மூட்டை முடிச்சோடு காட்டுவழியாக நடந்தே வந்துகொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. எலும்பும் தோலுமாகச் சிலர் ராயபுரத்தில் வந்து இறங்கினார்கள். மங்கம்மா அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் நின்றாள். ஒருவர் அவனைப் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் அது வேறு எத்திராஜ் என்றார். அதோடு சரி.

அதே வருஷம், ஜப்பான்காரன் சென்னைக்கே வருகிறான் என்று ஊர் பாதி காலியானது. வேதமாணிக்கத்தின் கிளீனரும் சொந்த ஊருக்கு ஓடிவிட்டான். லாரி ஓட்டிய அப்துல் வஹாப்புக்குக் கரி மூட்ட ஆள் கிடைக்கவில்லை. அவர் மனைவி ஷம்ஷாத், மங்கம்மாவின் அடுத்த வீட்டுக்காரி. இரண்டு பேரும் ஒரே உரலில் மிளகாய் இடிக்கிறவர்கள்.

"கரியோட பொறந்தவ பக்கத்து வூட்லயே கீறா. நீ ஊரெல்லாம் ஆள் தேடிகினு கீற" என்றாள் ஷம்ஷாத் கணவரிடம்.

வஹாப் தயங்கினார். லாரி கொட்டகையில் பொம்பளை வேலை செய்வதை முதலாளி ஒத்துக்கொள்வாரா என்பது அவர் கவலை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் உப்பு வியாபாரம் செய்த வேதமாணிக்கம், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வண்டி நேரத்துக்குக் கெளம்புமா?"

கிளம்பியது. மங்கம்மா வந்த பிறகு தாமதமே இல்லாமல் கிளம்பியது.

வேலை இப்படி. முதல் நாள் சாம்பலை வாரிக் கொட்டிவிட்டு, டிரம்மில் சவுக்குக் கரியை நிரப்ப வேண்டும். எண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்தி அடி வாயில் சொருக வேண்டும். பக்கத்தில் கைப்பிடி வைத்த துருத்தி ஒன்று உண்டு. அதைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வெள்ளைப் புகை வரும். பிறகு அது மெலிந்து, கண்ணுக்கே தெரியாமல் போகும். அப்போது மேல் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டினால் நீலமாக ஒரு சுடர் நிற்கும். சுடர் நின்றால் கேஸ் தயார். வஹாப் முன்னால் போய், என்ஜினைக் கிளப்ப ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுவார்.

வெயில் காலத்தில் இதெல்லாம் சுருக்க முடிந்துவிடும். மார்கழியில் அப்படியில்லை. கடற்பனியில் கரி ஈரம் கோத்திருக்கும். என்ஜினின் அடிவயிற்றில் எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி கெட்டிப்பட்டிருக்கும். ஹேண்டில் திரும்பாது, வலுவாகச் சுற்றினால் எதிர்த்து அடித்து மணிக்கட்டை ஒடிக்கும். அதனால் மங்கம்மா ஒரு தகரத் தட்டில் தணல் அள்ளி லாரிக்கு அடியில், எண்ணெய் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே தள்ளி வைப்பாள். ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றுவாள். என்ஜின் மூடியின் மேல் கோணிகளைப் போர்த்துவாள். காய்ச்சலில் கிடக்கிற ஆளைப் பார்த்துக்கொள்வதுபோல் அவ்வப்போது என்ஜினைத் தொட்டுப் பார்ப்பாள். இரும்பில் மெல்ல வெதுவெதுப்பு ஏறும்போது, "பாய், முழிச்சிக்கிச்சு" என்று குரல் கொடுப்பாள்.

யுத்தத்தின் ஐந்தாவது வருஷம், மழைக்காலத்தில், எதிரி விமானம் ஒன்று துறைமுகத்தின் மேல் வந்து குண்டு வீசிவிட்டுப் போனது. அதன் பிறகு கெடுபிடி அதிகமானது. பொழுது விடியுமுன் ஒரு பொறி வெளிச்சம்கூட வெளியே தெரியக் கூடாது என்றார்கள். செல்வநாதன் என்கிற பள்ளிக்கூட வாத்தியார், விமானத் தாக்குதல் காவல் படையின் தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினார். கொட்டகையின் டிரம்மில் தெரிந்த செந்தணலைப் பார்த்து விசில் ஊதி, வேதமாணிக்கத்தை ஸ்டேஷன் வரை இழுத்துவிட்டார். மறுநாளிலிருந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் நெருப்பு மூட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். தகர இடுக்குகளில் எல்லாம் கோணி அடைக்கப்பட்டது.

அந்த மார்கழியில்தான் அது தொடங்கியது.

ஒரு விடியற்காலை. வஹாப் இன்னும் வந்திருக்கவில்லை. கதவு சாத்தியிருந்தது. மங்கம்மா துருத்தி சுற்றிக்கொண்டிருந்தாள். தலைக்குள் லேசாக ஒரு வலி. காதில் வண்டு ரீங்காரம் போல ஏதோ. லாரிக்கு அந்தப் பக்கம் யாரோ நடப்பது மாதிரி இருந்தது. செருப்பில்லாத கால், ஈரத்தரையில் பதிந்து பதிந்து எடுக்கிற கால். முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை வந்து நின்றது.

"பாயா?" என்றாள்.

குனிந்து லாரியின் அடியில் பார்த்தாள். தட்டில் தணல் கனிந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் கால் எதுவும் இல்லை.

நிமிர்ந்தபோது அந்தக் குரல் கேட்டது. அடங்கிய குரல். கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசுகிற குரல்.

"மங்கா, கதவ தொற."

அவள் துருத்தியை விட்டுவிட்டு ஓடினாள். தாழ்ப்பாளை எடுத்து இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். வெளியே பனி மட்டும் நின்றது. எதிர்ச்சாரிக் கூரைகள்கூடத் தெரியவில்லை. குளிர்காற்று உள்ளே பாய்ந்ததும் தலைவலி குறைந்தது. அவள் பெயரைச் சொன்ன குரல் மறுபடி வரவில்லை.

அன்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் காலடி கேட்டது. அதற்கடுத்த நாள் குரலும் கேட்டது. உத்திரத்தில் கூடு கட்டியிருந்த சிட்டுக்குருவிகள் இரண்டு, தரையில் செத்துக் கிடந்தன. உடம்பில் காயம் எதுவும் இல்லை. மூட்டை மறைவில் குட்டி போட்டிருந்த பூனை, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு சாலையைத் தாண்டிப் போனது. திரும்பி வரவே இல்லை.

வஹாப்புக்கும் ஏதோ தெரிந்துபோனது. ஒரு நாள் ஹேண்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மங்கம்மா, என் சீட்ல ஆரு குந்திகினு கீறது?"

மங்கம்மா எட்டிப் பார்த்தாள். "ஆருமில்லியே பாய்."

அவர் ஓதிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே போய் வாந்தி எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். வண்டி கிளம்பி எர்ணாவூர் தாண்டும்வரை சீட்டின் ஓரத்திலேயே உட்கார்ந்து ஓட்டியதாகப் பிற்பாடு ஷம்ஷாத்திடம் சொன்னார்.

செய்தி பரவியது. அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் முன்பு உப்புக் கிடங்கு இருந்தது, அங்கே ஒருவன் தூக்கில் தொங்கினான் என்று ஒருத்தர் சொன்னார். இல்லை, அலையில் ஒதுங்கிய அநாதைப் பிணங்களை அங்கேதான் போட்டு வைப்பார்கள் என்று இன்னொருத்தர் சொன்னார். வஹாப் தர்காவிலிருந்து தாயத்து வாங்கி ஸ்டியரிங்கில் கட்டினார். வேதமாணிக்கம் பைபிளோடு வந்து, நல்ல பகல் வெளிச்சத்தில், கொட்டகை நடுவில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார்.

"பேயாவது பிசாசாவது. இனிமே ஒண்ணும் வராது, பாத்துக்கோ வஹாபு" என்றார். "வண்டி மட்டும் நேரத்துக்குக் கெளம்பணும்."

மறுநாள் விடியலில் அது மறுபடி வந்தது.

ஷம்ஷாத்திடம் மட்டும் மங்கம்மா குரலைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பேரும் உரலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஷம்ஷாத் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். அவள் கண் மங்கம்மாவின் நெற்றிப் பொட்டுக்குப் போனது.

"கொரல் வர்துன்னா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"செத்துட்டான்னு சொல்ல வர்ற. அதானே?"

"நான் சொல்லல."

"செத்தவன் எதுக்குக் கதவ தொறன்னு கேக்கணும்? அவுங்களுக்குக் கதவு இன்னாத்துக்கு? உசுரோட கீறவன்தான் கேப்பான்" என்றாள் மங்கம்மா.

ஷம்ஷாத் மறுபடி உலக்கையை எடுத்தாள்.

தை பிறக்கிற சமயத்தில் கடலிலிருந்து பெருங்காற்று கிளம்பிப் பல கூரைகளைப் பிடுங்கிப் போட்டது. கொட்டகையின் பின்பக்கத் தகரங்களும் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. முதலாளி புதுத் தகரம் தேடிப் பிடிக்கிறவரை, பின்பக்கம் ஓலைத் தட்டி ஒன்றை மட்டும் தள்ளி நிறுத்தி, அந்த மறைவில் நெருப்பு மூட்டினார்கள். காற்று உள்ளே தாராளமாக வந்து போனது. தலைவலி இல்லை. காதில் ரீங்காரம் இல்லை. காலடியும் குரலும் இல்லை. வஹாப் தாயத்துதான் வேலை செய்கிறது என்று நிம்மதியானார்.

தகரம் அடித்த மறுநாளே குரல் வந்தது. தலைவலியும் கூடவே வந்தது.

மங்கம்மா படிக்காதவள். ஆனால் புகைக்குள்ளேயே வளர்ந்தவள். துருத்தியைச் சுற்றிக்கொண்டே அவள் யோசித்தாள். கதவு சாத்தியிருந்தால் அவன் வருகிறான். திறந்தால் போய்விடுகிறான். கரி ஈரமாக இருந்து நெடுநேரம் சுற்றினால் தெளிவாகப் பேசுகிறான். குருவி செத்ததும் பூனை போனதும் எதனால் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. கண்ணுக்குத் தெரியாமல் குழாயிலிருந்து வருகிற கேஸ்தான் இதெல்லாம் செய்கிறது.

அதை அவள் வஹாப்பிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சொன்னால் கதவைத் திறந்துவிடுவார்கள். திறந்தால் எத்திராஜ் வரமாட்டான். அவன் குரலைக் கேட்டு நாலு வருஷமாகியிருந்தது. அவன் முகம்கூட அவளுக்குச் சில நாள் சரியாக ஞாபகம் வராது. மூக்கு வந்தால் கண் வராது. குரல் மட்டும் அந்தக் கொட்டகையில் அப்படியே இருந்தது. அவள் இடுக்குகளில் அடைத்த கோணியைத் தினமும் இன்னும் கொஞ்சம் அழுத்தி அடைத்தாள். வஹாப் வருவதற்கு முன்பே நெருப்பு மூட்டினாள். அவர் வருகிற சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து வைத்து, காற்றை உள்ளே விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நின்றாள்.

"எங்க கீற?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இங்கதான்" என்றது குரல்.

"சாப்டியா?"

தரையில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி மட்டும் ஒரு சத்தம். பிறகு வழக்கம்போல, "மங்கா, கதவ தொற."

"தொறந்தா நீ பூடுற. நான் தொறக்க மாட்டேன்" என்றாள்.

அந்த நாட்களில் அவள் முகம் நன்றாகச் சிவந்து, உடம்பு தேறியவள் போல இருந்ததாக அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஷம்ஷாத்துக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. மிளகாய் இடிக்கும்போது மங்கம்மா உலக்கையைத் தவறவிட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவரை மறந்துபோய், வேறு யாரையோ கேட்பவள் போலத் தலையைச் சாய்த்தாள்.

தை மாதம் பாதி போயிருக்கும். வஹாப்புக்குச் சளியும் காய்ச்சலும். வண்டியை நிறுத்தினால் முதலாளி ஒத்துக்கொள்ளமாட்டார். அன்று அவர் வழக்கத்தைவிட முன்னதாகவே, தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வருஷத்தில் அப்படி ஒரு குளிர் அதற்கு முன் இல்லை. வாயைத் திறந்தால் ஆவி வந்தது.

"நீ சூடு பண்ணிகினு இரு. நான் உள்ள செத்த நேரம் சாஞ்சிக்கிறேன். முழிச்சிக்கினா கூப்டு" என்று சொல்லிவிட்டு, லாரியின் முன்பக்கம் ஏறி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தார்.

மங்கம்மா கதவைச் சாத்தினாள். கோணியை அடைக்கும்போது அவளுக்கு ஒரு கணம் கை தயங்கியது. கொஞ்ச நேரம்தானே, அப்புறம் திறந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கரி நன்றாக ஈரமாகியிருந்தது. வெள்ளைப் புகை அடங்கவே மாட்டேன் என்றது. அவள் தணலை அள்ளி அடியில் வைத்தாள், வெந்நீர் ஊற்றினாள், மறுபடி வந்து துருத்தியைச் சுற்றினாள். புகை மெலிந்து மறைந்தது. தீக்குச்சி காட்ட வேண்டிய நேரம். அவள் காட்டவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தாள்.

காலடி வந்தது. இந்தத் தடவை அது பின் சக்கரத்தருகே நிற்கவில்லை. டிரம்மைச் சுற்றிக்கொண்டு வந்தது. கைப்பிடி திடீரென்று கனமில்லாமல் போனது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் அதே பிடியைப் பிடித்துச் சுற்றுகிற மாதிரி. செந்தணல் வெளிச்சத்தில் அவள் தன் கைக்குப் பக்கத்தில் ஒரு கையைப் பார்த்தாள். விரல் முட்டிகளில் கயிறு அறுத்த பழைய தழும்பு. அவளுக்கு அழுகை வரவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிற சாயங்காலம் மாதிரி, உடம்பெல்லாம் இதமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"மங்கா, கதவ தொற."

"நீதான் உள்ள வந்துட்டியே. இன்னும் எதுக்குய்யா கதவு?"

"எனக்கில்ல" என்றான் அவன்.

அவளுக்கு அது விளங்கச் சிறிது நேரம் ஆனது. பிறகு தலையைத் திருப்பி லாரியின் முன்பக்கத்தைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வஹாப்பின் கை தொங்கிக்கொண்டிருந்தது. "பாய்" என்று கூப்பிட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. கிட்டே போகக் காலை எடுத்து வைத்தாள், கால் வரவில்லை. லாரியைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து ஜன்னலுக்குள் பார்த்தாள். வஹாப்பின் முகம் நல்ல சிவப்பாக, சுகமாகத் தூங்குகிறவர் முகம் மாதிரி இருந்தது. உதடு மட்டும் திறந்து கிடந்தது.

மங்கம்மா தரையில் விழுந்தாள். விழுந்தபடியே கதவை நோக்கித் தவழ்ந்தாள். கதவு எந்தப் பக்கம் என்பது இரண்டு தடவை மறந்துபோனது. தாழ்ப்பாளுக்குக் கை எட்டவில்லை. கோணியை இழுத்தாள், அதைப் பிடித்துக்கொண்டே எழுந்து முழு உடம்பையும் தாழ்ப்பாளில் சாய்த்தாள். கதவு விரிந்தது. வெளியே குளிரில் முகங்குப்புற விழுந்தாள்.

அவள் பின்னால் டிரம்மின் செந்தணலில் பனி முழுவதும் சிவப்பாகத் தெரிந்தது. தெருமுனையில் விசில் சத்தம். செல்வநாதன் வாத்தியார் ஓடி வந்தார்.

"வெளிச்சம் தெரியுதும்மா, கதவைச் சாத்து. எத்தனை தடவை சொல்றது?"

மங்கம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு லாரியைக் காட்டினாள். வாத்தியார் உள்ளே எட்டிப் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். இருமிக்கொண்டே உள்ளே போய், வஹாப்பைத் தோளில் இழுத்துப் போட்டு வெளியே கொண்டுவந்து மணலில் கிடத்தினார். அன்று விடிகிறவரை அந்தக் கதவு திறந்தேதான் கிடந்தது.

வஹாப் பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் வாந்தியும் தலைவலியுமாகக் கிடந்தார். பெற்ற மகள் பெயரே அவருக்கு ஞாபகம் வராமல் இருந்து, பிறகு வந்தது. நினைவு தெளிந்ததும், தம்மைப் பார்க்க வந்த மங்கம்மாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"உன்கூட துருத்தி சுத்திகினு இருந்தானே ஒருத்தன், ஆரு அவன்? இடுப்பு வரிக்கும் நனஞ்சிகினு இருந்தான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷம்ஷாத் மங்கம்மாவைப் பார்த்தாள். மங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை ஷம்ஷாத்திடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேஸ்தான் காரணம் என்று தனக்கு முன்பே தெரியும் என்பதையும், தெரிந்தும் கோணியை அடைத்ததையும் மறைக்கவில்லை. ஷம்ஷாத் முழுவதும் கேட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என் புருசன உள்ள வெச்சிகினு உன் புருசன கூப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து வீட்டுக்குள் போனாள். அதற்குப் பிறகு ரொம்ப காலத்துக்கு அவள் மங்கம்மாவோடு பேசவில்லை. உரலை மங்கம்மாவின் வாசலில் விட்டுவிட்டு, தன் மிளகாயைக் கடையில் கொடுத்து இடித்துக்கொண்டாள்.

மங்கம்மா வேதமாணிக்கத்தின் முன் போய் நின்று, இனிமேல் கதவைச் சாத்திக்கொண்டு நெருப்பு மூட்டமாட்டேன் என்றாள். அப்படியென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார் அவர்.

"பாருங்க. அந்த ஆளையும் சாவடிப்பீங்க" என்றாள்.

செல்வநாதன் வாத்தியார்தான் வழி சொன்னார். கொட்டகைக்குப் பின்னால், திறந்த வெளியில் லாரியை நிறுத்தி, டிரம்மைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தகரத் தடுப்பு வைத்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியாது, காற்றுக்கும் தடையில்லை. கடற்காற்றில் நடுங்கிக்கொண்டே மங்கம்மா அங்கே நின்று துருத்தி சுற்றினாள். என்ஜின் சூடு பிடிக்க முன்னைவிட நேரமானது. வஹாப் தள்ளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். குரல் வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் வேலைக்கு வந்தபோது அவள் நெற்றியில் பொட்டு இல்லை. யாரும் வந்து அழிக்கவில்லை. சடங்கு எதுவும் நடக்கவில்லை. கேட்டவர்களிடம், "சேதி வந்துச்சு" என்றாள். எங்கிருந்து, யார் மூலம் என்று அவள் சொன்னதில்லை. ரங்கூனிலிருந்து அதற்குப் பின்னும் ஆட்கள் வந்தார்கள். அவள் யாரையும் போய்க் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் கிடைக்க ஆரம்பித்ததும் டிரம்மைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டார்கள். மங்கம்மா கொட்டகையிலேயே மூட்டை தைக்கிற வேலைக்கு மாறினாள். சில வருஷம் கழித்து வேதமாணிக்கம் பெரிய டீசல் லாரி ஒன்று வாங்கினார். பனிக்காலத்தில் அதுவும் எளிதில் கிளம்பாது. வஹாப் அதைச் சாலையில் இழுத்து நிறுத்தி, ஓடவிட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பீடி பிடிப்பார். புது ஆட்களிடம் மங்கம்மா தம் உயிரைக் காப்பாற்றிய கதையை அப்போது சொல்லத் தொடங்குவார். கதை பாதிக்கு வருமுன்பே மங்கம்மா ஊசியை மூட்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அப்படி ஒரு பனிக்காலத்தில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. வேலைக்கு வராததை வஹாப் வீட்டில் சொன்னார் போலிருக்கிறது. மூன்றாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் ஷம்ஷாத் ஒரு சட்டியில் கஞ்சியும், இடுப்பில் பேத்தியுமாக வந்து நின்றாள். பேத்தியைப் பாயில் இறக்கிவிட்டாள். மங்கம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள்.

"கறி போட்டுக் கீது. துண்ணுவ இல்ல?"

"துண்ணுவேன்" என்றாள் மங்கம்மா.

குழந்தை தவழ்ந்து போய்க் கிண்ணத்தைப் பிடித்து இழுத்தது. ஷம்ஷாத் அதன் கையில் செல்லமாக ஓர் அடி வைத்தாள். மங்கம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, கஞ்சியில் இரண்டு சோற்றுப் பருக்கையை விரலால் எடுத்து ஊதி, குழந்தையின் வாயில் வைத்தாள்.